மக்கத்து முஃப்தி ஹளரத் அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்)

உமையாக்களின் ஆட்சிக் காலத்தில், ஹஜ்ஜுடைய நாட்கள் வந்ததும் மக்கமா நகரில் அரசாங்க அறிவிப்பு ஒன்று உரத்த குரலில் சொல்லப்படும். ஹாஜிகளுக்கு மார்க்கத் தீர்ப்பு வழங்க அதா இப்னு அபீ ரபாஹ் அவர்களைத் தவிர வேறெவருக்கும் அனுமதியில்லை. அவர் இல்லாத வேளையில் அப்துல்லாஹ் இப்னு அபீ நஜீஹ் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்பதே அது. ஷாம், இராக், எகிப்து, எமன் என்று நாலா திக்கிலிருந்தும் வந்து குழுமியிருந்த மக்கள் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு ஹரம் ஷரீபுக்குள் நுழைவார்கள். முதன்முறை வந்தவர்கள் அங்கே கண்ட மனிதரைப் பார்த்துத் திகைத்திருக்கத்தான் வேண்டும்.

கருத்த மேனி. சப்பை மூக்கு. ஒரு கண்ணில் பார்வை இல்லை. ஒரு கை வழங்காது. காலும் ஊனம், சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். முதுமையில் மற்றக் கண்ணின் ஒளியும் போய்விட்டது. அடிமைக் குலத்தில் வந்தவர். அவர் மீதிருந்த துணி ஐந்து திர்ஹம் பெறாது என்று அவரைக் கண்ட ஒருவர் அறிவித்திருக்கிறார்.

ஒரு பெரியாரின் உடற்குறைகளை இவ்வாறு வரிசைப்படுத்தி எழுத நமக்குக் கூசத்தான் செய்கிறது. ஆனால் அவருடைய சரிதையை எழுதிய இமாம்கள் எவரும் இதை மறைக்கவில்லை. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் வரிசையில் ஹளரத் அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் அப்துர் ரஹ்மான் இப்னு ஹுர்முஸ் அவர்களை அல்அஃரஜ் என்றே அழைப்பார்கள். கால் ஊனமானவர் என்று பொருள். கூஃபாவின் சுலைமான் அவர்களை அல்அஃமஷ் என்பார்கள், கண் மங்கியவர். இன்னார் என்று அடையாளம் காட்டுவதற்காக மட்டும் இப்படிச் சொல்வது ஆகும், குறைவாக்கும் எண்ணத்தில் சொன்னால் ஹராம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நம்முடைய தெருக்களில் சொல்லப்படுவது எந்த வகை? நொண்டி வீட்டுப் பிள்ளை என்றும், குருடன் மகன் என்றும் பெயர் வைத்து அழைப்பது அடையாளத்துக்காக அல்ல என்பது அழைப்பவருக்கே தெரியும். பட்டப் பெயர் சூட்டி அழைக்காதீர்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹுத் தஆலா தடுத்திருப்பது இதைத்தான். அரசாங்கம் ஊனமுற்றோர் என்ற சொல்லையே மாற்றி மாற்றுத்திறனாளிகள் என்றாக்கிவிட்டது. சொல் மாறியது நல்லதே. பார்வை மாறவேண்டிய இடம் நம் வீட்டு முற்றம்.

நிற்க. ஹளரத் அதா (ரஹ்) அவர்கள் எமன் நாட்டு ஜனத் என்ற ஊரில், மூன்றாம் கலீஃபா ஹளரத் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஏறத்தாழ ஹிஜ்ரி 27இல் (கி.பி. 647-48) பிறந்தார்கள். தந்தை நூபியா நாட்டவர்; கூடை முடைவது அவர்கள் குடும்பத் தொழில் என்று சொல்லப்படுகிறது. வளர்ந்ததெல்லாம் மக்காவில். குறைஷியரில் ஃபிஹ்ர் கிளையார் வீட்டின் மவ்லா, அதாவது அவர்களைச் சார்ந்திருந்த விடுதலை பெற்ற அடிமை. இளமையிலேயே ஸஹாபாப் பெருமக்களின் காலடியில் அமரும் பாக்கியம் அவர்களுக்குக் கிடைத்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தபீர் மலைப் பக்கம் கூடாரத்தில் தங்கியிருந்தபோது உபைத் இப்னு உமைர் அவர்களுடன் அங்கே சென்று வந்ததை அவர்களே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள். இருநூறு ஸஹாபாக்களைக் கண்டவர்கள் என்பது அவர்களைப் பற்றிய பிரபலமான செய்தி. ஆனாலும் அவர்களை உருவாக்கிய உஸ்தாத் என்றால் ஹளரத் அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த உஸ்தாத் ஒருநாள் இந்த மாணவரிடம், சுவனத்துப் பெண்மணி ஒருவரைக் காட்டட்டுமா என்று கேட்டார்கள். அதா அவர்கள் ஆவலோடு காட்டும்படி வேண்டினார்கள். உஸ்தாத் சுட்டிக்காட்டியது ஒரு கறுப்புப் பெண்மணியை. அவருக்கு வலிப்பு நோய். அது வரும்போது கீழே விழுந்து ஆடை விலகிவிடும். அவர் நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்துக்கு வந்து துஆச் செய்யும்படி கேட்டார். பொறுமையாக இருந்தால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமாக துஆச் செய்கிறேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்துகொண்டு, ஆடை மட்டும் விலகாதிருக்க துஆச் செய்யுங்கள் என்றார். நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறே துஆச் செய்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் உள்ள இந்த ஹதீஸை ஹளரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிப்பவர் நம் அதா அவர்களே.

இதைப் படிக்குந்தோறும் நமக்கு ஓர் எண்ணம் எழுகிறது. மக்காவில் எத்தனையோ மாணவர்கள் இருக்க, அந்தப் பெண்மணியைக் காட்டுவதற்குக் கருத்த நிறமும் ஊனமும் கொண்ட இந்த மாணவரிடம் உஸ்தாத் பேசியது தற்செயலாக இருக்குமா? மாணவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை அறிந்த உஸ்தாதாகவே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நமக்குத் தோன்றுகிறார்கள். பாவம் என்று தலையைத் தடவிவிட்டுப் போகவில்லை. உன்னைப் போன்ற ஒருவர் அல்லாஹ்விடத்தில் எங்கே இருக்கிறார் பார் என்று காட்டினார்கள். பின்னாளில் கஃபாவின் திரையருகே அந்த உயரமான கறுப்புப் பெண்மணி உம்மு ஸுஃபர் அவர்களைத் தாம் கண்டதையும் அதா (ரஹ்) அவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மறக்க முடியாத பாடம் அல்லவா!

அதா (ரஹ்) அவர்கள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் மக்தப் ஆசிரியராக இருந்தவர்கள். இருபது ஆண்டுகள் மஸ்ஜிதுல் ஹராமே அவர்களுடைய படுக்கை. உஸ்தாதின் வாழ்நாளிலேயே அவர்களின் இல்மு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. மக்காவாசிகள் மஸ்அலா கேட்டு வந்தபோது, உங்களிடையே அதா இருக்க என்னிடம் ஏன் கூடுகிறீர்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வியந்தார்கள். ஹளரத் இப்னு உமர் (ரலி) அவர்களும் இதே போன்று கூறியதாக வந்திருக்கிறது.

தாய்மார்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். ஊரிலே ஒரு பிள்ளைக்குக் கால் விளங்கவில்லை என்றால் முதலில் நிறுத்தப்படுவது எது? மதரஸாவுக்கு அனுப்புவது. தூக்கிக்கொண்டு போக ஆளில்லை, மற்றப் பிள்ளைகள் கேலி செய்யும், இவன் ஓதி என்ன ஆகப்போகிறது என்று மூன்று காரணங்கள் ஆயத்தமாக இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போகும்போது அந்தப் பிள்ளையை மட்டும் பாட்டியோடு விட்டுச் செல்லும் வீடுகளையும் நாம் அறிவோம். குருடரோடும் முடவரோடும் நோயாளியோடும் ஒரே தட்டத்தில் உண்ணத் தயங்கிய மக்களைக் குறித்து ஸூரத்துன் நூரின் 61ஆம் வசனம் இறங்கியதாக முஃபஸ்ஸிரீன்கள் எழுதுகிறார்கள். அந்த வசனத்தை ஓதிவிட்டு, விருந்துக்கு வரும் சுற்றத்தார் கண்ணில் படாமல் பிள்ளையை உள்ளறையில் வைப்பது எந்த நியாயம்? மக்கத்தார் தங்கள் கால் ஊனமான பையனை உள்ளறையில் வைத்திருந்தால் முஸ்லிம் உலகம் யாரிடம் போய் ஹஜ்ஜின் மஸ்அலா கேட்டிருக்கும்?

அவர்கள் கூறிய மஸ்அலாக்களில் ஒன்றை நம் வீடுகள் அனைத்தும் அறிந்திருப்பது அவசியம். மூல நோயால் வருந்திய ஹளரத் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தது யாவருக்கும் தெரியும்: நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்து, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழவும். இந்த ஹதீஸைக் கொண்டுவரும் பாடத்தின் தலைப்பில் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், அதா (ரஹ்) அவர்களின் தீர்ப்பையும் சேர்த்துப் பதித்திருக்கிறார்கள். கிப்லாவின் பக்கம் திரும்பச் சக்தியில்லாதவர் தம் முகம் எந்தத் திக்கில் இருக்கிறதோ அந்தத் திக்கிலேயே தொழுதுகொள்வார் என்பது அத்தீர்ப்பு. அசைய முடியாமல் கிடப்பதென்றால் என்ன என்பதை உடலால் ஓரளவு அறிந்தவரின் வாயிலிருந்து வந்த மஸ்அலா இது. ஆனால் இது திரும்ப வழியே இல்லாதவருக்குரிய சலுகை. வீட்டில் நான்கு பேர் இருந்தும், வாப்பாவின் கட்டிலைக் கிப்லா நோக்கித் திருப்பிப் போட ஒருவருக்கும் நேரமில்லை என்றால் அந்தக் குறை கட்டிலில் கிடப்பவருடையது அல்ல. உளூச் செய்விக்கத் தண்ணீர் கொண்டுவருவதும், தண்ணீர் ஆகாத நோய் என்றால் தயம்மும் செய்ய உதவுவதும் மக்கள் மீதுள்ள பணி. துணி சுத்தமில்லை, ஆகவே தொழாமல் இரும்மா என்று கிழவிகளைத் தடுத்துவிடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும் வரை தொழுகை நீங்குவதில்லை. சுத்தப்படுத்த இயன்ற அளவு சுத்தப்படுத்தி, தொழுகையின் நேரத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

பள்ளிவாசல்களை நிர்வகிக்கும் முத்தவல்லிகளுக்கும் ஒரு வார்த்தை. நம்முடைய பழைய பள்ளிகளில் ஹவுளுக்கு இறங்கும் படிகள் வழுக்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி இராது. வாசலில் நாலைந்து உயரமான படிகள். ஜும்ஆவுக்கு வந்து படியடியில் நின்று, தூக்கிவிட யாராவது வருவார்களா என்று பார்ப்பவரை நாம் கண்டிருக்கிறோம். ஹஜ்ஜத்துல் விதாவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒட்டகத்தின் மீதிருந்தே தவாஃப் செய்தார்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் உடல் நலமில்லை என்றபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்யச் சொன்னார்கள். அந்தச் சலுகையின் வழியில்தான் இன்று ஸஃபா மர்வாவின் நடுவே சக்கர நாற்காலிகளுக்கென்று தனிப்பாதையே இருக்கிறது. ஹரம் ஷரீபில் இடம் உண்டு, நம் மஹல்லாப் பள்ளியில் ஒரு சரிவுப் பாதைக்கு இடமில்லையா?

அதா (ரஹ்) அவர்கள் எழுபது முறை ஹஜ்ஜுச் செய்தவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஹஜ்ஜின் கிரியைகளை அறிந்தவர்களில் அவரை மிஞ்சியவர் எவரும் எஞ்சியில்லை என்பது அஹ்லுபைத்தின் இமாம் முஹம்மத் பாகிர் (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. இதற்கு ஒரு ருசிகரமான நிகழ்ச்சியைச் சரித்திர நூல்களில் காண்கிறோம். நம் இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஹஜ்ஜில் தலைமுடி களைய நாவிதரிடம் சென்று முதலில் கூலி பேசினார்கள். இபாதத்தில் பேரம் பேசுவதில்லை, உட்காருங்கள் என்றார் நாவிதர். இமாம் கிப்லாவை விட்டு விலகி அமர்ந்தார்கள். திரும்பி உட்காரச் சொன்னார். இடப்பக்கத்தைக் கொடுத்தார்கள், வலப்பக்கம் என்றார். மௌனமாக இருந்தார்கள், தக்பீர் சொல்லும்படி கூறினார். முடிந்ததும் எழுந்து புறப்பட்டார்கள். இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் போங்கள் என்றார். இதெல்லாம் உமக்கு எங்கே கிடைத்தது என்று இமாம் வினவ, அதா அவ்வாறு செய்யக் கண்டேன் என்று பதில் வந்தது. ஓர் ஆலிமின் ஒழுக்கம் கடைத்தெரு நாவிதர் வரை பரவியிருந்ததென்றால் அந்த மஜ்லிஸ் எப்படிப்பட்டதாயிருக்கும்! தாம் சந்தித்தவர்களில் அதாவை விடச் சிறந்தவரைக் கண்டதில்லை என்று கூறியவர்களும் இதே இமாமவர்கள்தாம்.

ஆனால் அவர்கள் நிறையப் பேசுபவர் அல்லர். நெடுநேரம் மௌனமாயிருப்பார்கள், பேசத் தொடங்கினால் மேலிருந்து உதவி வருவது போலத் தோன்றும் என்று கேட்டவர்கள் கூறினர். தெரியாததைத் தெரியாது என்பார்கள். உங்கள் கருத்தையாவது சொல்லுங்களேன் என்று ஒருவர் வற்புறுத்தியபோது, பூமியில் என்னுடைய கருத்தை மார்க்கமாக ஆக்கிக்கொள்வார்களே என்று அல்லாஹ்விடம் வெட்கப்படுவதாகச் சொல்லிவிட்டார்கள். ஓர் இளைஞர் வந்து ஹதீஸ் சொன்னால், அவர் பிறப்பதற்கு முன்பே தாம் கேட்டிருந்த ஹதீஸாயினும், இப்போதுதான் கேட்பவரைப் போலச் செவி சாய்ப்பார்கள்.

அந்த மென்மையை அச்சம் என்று எண்ணிவிடலாகாது. பெண்கள் ஆண்களுடன் தவாஃப் செய்வதை ஆளுநர் இப்னு ஹிஷாம் தடுத்தபோது, நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியரே ஆண்கள் தவாஃப் செய்யும் வேளையில் தவாஃப் செய்திருக்க எப்படித் தடுப்பது என்று வெளிப்படையாகவே மறுத்தார்கள். அப்பெண்மணிகள் ஆண்களோடு கலவாமல் ஒதுங்கித் தவாஃப் செய்ததையும் விளக்கினார்கள்.

கலீஃபாக்களிடம் அவர்கள் நடந்துகொண்ட விதம் தனி. ஹிஜ்ரி 75இல் (கி.பி. 695) ஹஜ்ஜுக்கு வந்த கலீஃபா அப்துல் மலிக், சுற்றிலும் பிரமுகர்கள் அமர்ந்திருக்க, அதா (ரஹ்) அவர்கள் வருவதைக் கண்டு எழுந்து வந்து ஸலாம் கூறித் தம்முடைய ஆசனத்திலேயே அமர்த்திக்கொண்டார். என்ன வேண்டும் என்று கேட்டார். முஹாஜிரீன்கள், அன்ஸார்களின் மக்களைக் கவனியுங்கள், எல்லையைக் காப்பவர்களைக் கவனியுங்கள், உங்கள் வாசலில் வந்து நிற்பவர்களை மறந்துவிடாதீர்கள், அவர்களுக்குக் கதவைச் சாத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்கள். எல்லாம் பிறருக்காகவே கேட்டீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கலீஃபா கையைப் பிடித்துக் கேட்டும், படைப்பினங்களிடம் எனக்குத் தேவை ஒன்றுமில்லை என்று நடந்துவிட்டார்கள். மேன்மை என்றால் இதுவே என்று அப்துல் மலிக் வியந்தார்.

அவருடைய மகன் வலீது ஹிஜ்ரி 86 முதல் 96 வரை ஆண்டவர். குஷ்டரோகிகளுக்கும் ஊனமுற்றோருக்கும் பைத்துல்மாலிலிருந்து மானியம் ஏற்படுத்தி, மக்களிடம் கையேந்தக் கூடாது என்று தடுத்து, எழுந்து நடக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளும், கண் தெரியாத ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியும் கொடுத்தார் என்று இமாம் தபரி (ரஹ்) பதிந்திருக்கிறார்கள். வலீதைப் பற்றிச் சரித்திரம் பலவிதமாகப் பேசும். ஆனால் இந்த ஒரு காரியத்தை அவருடைய ஏட்டிலிருந்து எவரும் அழிக்க முடியாது. ஜகாத் பணத்தில் ஆளுக்குப் பத்து, இருபது என்று வாசலில் கொடுத்து அனுப்பும் நம் செல்வந்தர்கள், அந்தப் பணியாளையும் வழிகாட்டியையும் எண்ணிப் பார்க்கட்டும். ஊனமுற்றவருக்கு வேண்டியது சில்லறை அல்ல, நடமாட வழி.

அடுத்து வந்த சுலைமான் ஹிஜ்ரி 97இல் (கி.பி. 716) ஹஜ்ஜுக்கு வந்தார். இரண்டு மக்களையும் அழைத்துக்கொண்டு அதா (ரஹ்) அவர்களைத் தேடிச் சென்றபோது அவர்கள் தொழுதுகொண்டிருந்தார்கள். முஸ்லிம் உலகின் அதிபர் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தார். தொழுகை முடிந்ததும் ஹஜ்ஜின் மஸ்அலாக்களைக் கேட்டார், விடைகள் வந்தன. அதற்கு மேல் உபசார வார்த்தை எதுவும் இல்லை, முகத்தையும் திருப்பிக்கொண்டார்கள். எழுந்து போகையில் சுலைமான் தம் மக்களிடம், இல்மைத் தேடுவதில் சோர்ந்துவிடாதீர்கள், இந்தக் கறுப்பு அடிமையின் முன்னால் நாம் தாழ்ந்து நின்றதை நான் மறக்கமாட்டேன் என்று சொன்னார். அந்தப் பேச்சில் இருக்கும் கசப்பைக் கவனியுங்கள். அதுவே அவர்களுக்குக் கிடைத்த சான்று.

முதுமையில், கலீஃபா ஹிஷாமின் காலத்தில், தாமே அரண்மனைக்குப் புறப்பட்டார்கள். அந்தப் பயணத்தை ஹளரத் அதா அல்குராஸானீ அவர்களின் மகன் உஸ்மான் சொல்லியிருக்கிறார். தந்தையுடன் கலீஃபாவைக் காணச் செல்லும் வழியில், முரட்டுத் துணி உடுத்திக் கறுப்புக் கழுதை மீது வந்த ஒரு கிழவரைக் கண்டு தமக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்றும், வாயை மூடு, இவர் ஹிஜாஸ் ஃபுகஹாக்களின் தலைவர் அதா இப்னு அபீ ரபாஹ் என்று தந்தை அதட்டினார் என்றும் கூறுகிறார். அரண்மனையில் ஹிஷாம் இங்கே வாருங்கள், இங்கே வாருங்கள் என்று அழைத்து முழங்காலோடு முழங்கால் தொட அமர்த்திக்கொண்டார். பேசிக்கொண்டிருந்த பிரமுகர்கள் அடங்கினார்கள். கோரிக்கை என்ன என்று கேட்க, ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு ஹரம்களின் மக்களுக்கு உணவும் மானியமும். ஹிஜாஸ், நஜ்து மக்களிடம் வசூலித்த ஸதகாவில் மிஞ்சுவது அவர்களுக்கே திரும்ப வேண்டும். எல்லைக் காவலர்களுக்கு உணவுப்படி. கடைசியாக, முஸ்லிம் அல்லாத திம்மீ குடிமக்கள் மீது தாங்க முடியாத வரியைச் சுமத்தக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஹிஷாம் சம்மதித்து எழுதும்படி எழுத்தரைப் பணித்தார். வேறு ஏதும் உண்டா என்றார். தனியாகப் படைக்கப்பட்டீர், தனியாக மரணிப்பீர், தனியாகவே எழுப்பப்படுவீர், இங்கே காண்பவர்களில் ஒருவரும் அன்று உம்முடன் இரார் என்று நினைவூட்டினார்கள். கலீஃபா தலைகுனிந்து அழ, அவர்கள் எழுந்துவிட்டார்கள். வாசலில் ஒருவர் பண முடிப்பொன்றைக் கொண்டுவந்து நீட்டினார். இதற்குக் கூலி உங்களிடம் கேட்கவில்லை என்று நபிமார்கள் தம் சமூகத்தாரிடம் சொன்னதையே சொல்லி மறுத்துவிட்டார்கள். அங்கே ஒரு மிடறு தண்ணீர்கூட அருந்தவில்லை என்று உஸ்மான் முடிக்கிறார்.

மக்காவிலிருந்து கலீஃபாவின் ஊர் வரை கழுதையில் செல்வது கால் நலமுள்ளவருக்கே எத்தனை வாரப் பாடு என்பதை எண்ணிப் பாருங்கள். வாசலுக்கு வர முடியாதவர்களுக்காகத்தான் அவர்கள் வாசலுக்குப் போனார்கள். தமக்கென்று கேட்காத வாய்க்கு ஆட்சியாளரிடம் எத்தனை மதிப்பு!

அவர்களுடன் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவர் மாணவர் இப்னு ஜுரைஜ் (ரஹ்). உஸ்தாது முதுமையடைந்து பலவீனமான பின்னும் தொழுகைக்கு நின்று ஸூரத்துல் பகராவிலிருந்து இருநூறு ஆயத்துகளை ஓதுவார்கள், நின்ற நிலையிலிருந்து எதுவும் அசையாது என்று அவர் அறிவித்திருக்கிறார். ஊனமான காலுக்குக் கிடைத்த உறுதி அது.

ஹிஜ்ரி 114இல் (கி.பி. 732), சிலர் கூற்றுப்படி 115இல், ஏறக்குறைய எண்பத்தெட்டு வயதில் மக்காவில் வஃபாத்தானார்கள். அன்றைய பூமியில் மக்கள் மிகவும் விரும்பிய மனிதராக அவர் மறைந்தார் என்று ஷாம் தேசத்து இமாம் அவ்ஸாயீ (ரஹ்) கூறினார்கள். அவர்களின் இல்மு இப்னு ஜுரைஜிடமும், அவரிடமிருந்து மக்கத்து முஸ்லிம் இப்னு காலித் அஸ்ஸன்ஜீயிடமும் சேர்ந்து, அவர் மூலம் இளைஞர் முஹம்மத் இப்னு இத்ரீஸ் ஷாஃபிஈயிடம் வந்தது. மறுபக்கம் இமாம் அபூஹனீஃபா நேரிலேயே அவர்களிடம் கேட்டவர்கள். ஹனஃபியாக இருந்தாலும் ஷாஃபிஈயாக இருந்தாலும், நம் தமிழகத்து வீடுகளிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் கையில் கொண்டுபோகும் மஸ்அலாக்களின் தொடர், பின்னோக்கிப் போகப் போக, ஹரம் ஷரீபில் உட்கார்ந்திருந்த அந்தக் கால் ஊனமான ஆசிரியரிடம் போய்ச் சேர்கிறது. ரஹ்மதுல்லாஹி அலைஹி.